பாரதியாரும் எழுத்துரிமையும்

முன்னுரை

ஆண்டுதோறும் டிசம்பர்த் திங்களில் நம் தமிழ்த்துறை பாரதி விழாவினைக் கொண்டாடி வருகிறது. பட்டுத்தறி ஒலிக்கும் ஆரணித் தெருக்களிலிருந்தும் சுற்றுவட்டச் சிற்றூர்களிலிருந்தும் வரும் மாணவ மாணவியர் மேடையேறுகின்றனர். பாரதியாரை நாட்டு விடுதலைக் கவிஞர் என்றும் பெண் விடுதலை பாடிய பெருமகனார் என்றும் புகழ்ந்துரைக்கின்றனர். அவையனைத்தும் உண்மையே. எனினும் அவர் வாழ்வில் நாம் மிகுதியும் பேசாத பக்கம் ஒன்று உண்டு. 1904 முதல் 1921 வரை ஏறத்தாழ 17 ஆண்டுகள் அவர் எழுத்தையே தொழிலாகக் கொண்டு வாழ்ந்தார். அவற்றுள் 1908 முதல் 1920 வரையிலான 12 ஆண்டுகள் அடக்குமுறைக்கு அஞ்சிய அயல்வாழ்விலும், சிறையிலும், காவல்துறையின் கட்டுப்பாட்டிலும் கழிந்தன. எழுதுவதற்கு உரிமை வேண்டி நின்ற அம்மனிதரின் வாழ்வை அக்கோணத்தில் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதத் தூண்டியது வகுப்பறை நிகழ்ச்சி ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர்ப் பாரதியாரின் 'ரயில்வே ஸ்தானம்' என்னும் சிறுகதையை நாம் வகுப்பில் நடத்த முற்பட்டோம். அக்கதையில் முஸ்லிம் இளைஞன் ஒருவன் உடன்பிறந்த மூன்று சகோதரியரை மணந்தவனாகக் காட்டப்படுகிறான். மாணவர் ஒருவர் எழுந்து, நம் மார்க்கத்தில் இல்லாத ஒன்றைக் கூறும் இக்கதையைப் படிக்கத்தான் வேண்டுமா, இதனைப் பாடத்திலிருந்து விலக்கிவிடலாகாதா என வினவினார். அவ்வினாவில் சினம் இருந்தது, நியாயமும் இருந்தது. அன்று நாம் உடனே விடை கூறவில்லை. பாரதியாரின் வாழ்க்கையை முழுமையாகக் கூறிய பின்னரே அதற்கு விடை கூற இயலும் எனக் கருதினோம்.

இளமையும் இதழியல் நுழைவும்

பாரதியார் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் சின்னசாமி ஐயருக்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகத் தோன்றினார். ஐந்து வயதில் தாயை இழந்தார். கவிபாடும் ஆற்றலால் இளமையிலேயே 'பாரதி' என்னும் பட்டம் பெற்றார். 1897இல் செல்லம்மாளை மணந்தார். மறு ஆண்டு தந்தையும் மறைந்தார். பின்னர்க் காசியில் அத்தையின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். எட்டயபுரம் திரும்பி, அரண்மனைப் பணியில் சில காலம் இருந்தார். அரசவை வாழ்வு அவருக்கு ஒவ்வவில்லை. 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் சில திங்கள் தமிழாசிரியராகப் பணியாற்றினார். அவ்வாண்டின் இறுதியில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் அழைப்பை ஏற்றுச் சென்னை 'சுதேசமித்திரன்' நாளிதழில் துணையாசிரியராகச் சேர்ந்தார்.

நம் ஊரின் பெயரைத் தமிழ் நாவலுலகில் நிலைநிறுத்திய ஆரணி குப்புசாமி முதலியார் துப்பறியும் நாவல்களால் வாசகரைக் கட்டிப்போட்ட காலமும் ஏறத்தாழ அதுவே. தமிழில் அச்சிட்ட எழுத்துக்குப் பெருந்திரளான வாசகர் உருவாகி வந்த காலம் அது. வாசகர் பெருகும்போது ஆட்சியாளரின் அச்சமும் பெருகும் என்பதனைப் பாரதியார் விரைவில் உணர்ந்தார்.

'இந்தியா'வும் அடக்குமுறையும்

1906இல் 'இந்தியா' வார இதழ் தொடங்கப்பெற்றது. அதன் எழுத்துப் பொறுப்பு முழுவதும் பாரதியாரிடம் இருந்தது. அரசியல் கேலிச்சித்திரங்களைத் தமிழில் தொடர்ந்து வெளியிட்டு வழிகாட்டிய பெருமை அவ்விதழுக்கு உண்டு. படிக்கத் தெரியாதவரும் படத்தைக் கண்டு பொருளுணர்ந்தனர். 1907இல் சூரத்தில் கூடிய காங்கிரஸ் மாநாட்டிற்கு வ.உ. சிதம்பரனாருடன் சென்ற பாரதியார், திலகரின் தீவிரப் பிரிவினருடன் தம்மை இணைத்துக்கொண்டார்.

1908ஆம் ஆண்டு விடுதலை இயக்கத்திற்குச் சோதனை மிகுந்த ஆண்டாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. அதே திங்களில் திலகருக்கு ஆறாண்டுத் தண்டனை கிடைத்தது. எழுதிய கட்டுரைகளே அவர் செய்த குற்றம். ஆகஸ்டில் 'இந்தியா' இதழின்மீது அரசு கைவைத்தது. இதழின் சட்டப்படியான ஆசிரியராகப் பதிவு செய்யப்பெற்றிருந்தவர் எம். சீனிவாசன் என்பவர். அவர் கைது செய்யப்பட்டு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். நண்பர்களின் வற்புறுத்தலை ஏற்றுப் பாரதியார் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரிக்குச் சென்றார்.

எழுதியவர் தப்பிக்க, பெயர் கொடுத்தவர் சிறை சென்றது முறையா என வினவுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். அவ்வினாவை நாம் மறைக்க வேண்டுவதில்லை. மனிதரை வானவராக்கிப் போற்றுவது வரலாறு ஆகாது. ஒன்றை மட்டும் கூறலாம்: புதுச்சேரி சென்ற பாரதியார் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1908 அக்டோபரிலேயே 'இந்தியா' அங்கிருந்து மீண்டும் வெளிவரத் தொடங்கியது.

புதுச்சேரி வாழ்க்கை

கையில் விலங்கிட முடியாத அரசு, இதழின் வழியை அடைத்தது. பிரிட்டிஷ் இந்தியாவிற்குள் 'இந்தியா' நுழைவதற்குத் தடை வந்தது. வாசகர் அனைவரும் எல்லைக்கு இப்பாலும் இதழ் எல்லைக்கு அப்பாலும் இருந்தால் அவ்விதழ் எவ்வாறு வாழும்? 1910 மார்ச்சில் அது நின்றுபோயிற்று. 'விஜயா', 'சூரியோதயம்', 'கர்மயோகி' முதலிய இதழ்களும் நீடித்து நிற்கவில்லை. பாரதியாருக்கு வந்த மடல்களை இடையிலேயே பிரித்துப் படித்தனர். வீட்டின் முன் ஒற்றர் காத்திருந்தனர். 1911 ஜூனில் மணியாச்சியில் ஆட்சியர் ஆஷ் சுட்டுக் கொல்லப்பட்ட பின்னர்ப் புதுச்சேரியில் வாழ்ந்த தேசபக்தர் அனைவர் மீதும் ஐயம் விழுந்தது. தம்மீது சுமத்தப்பட்ட பழிகளை மறுத்துப் பாரதியார் 'தி இந்து' நாளிதழுக்கு ஆங்கிலத்தில் மடல்கள் எழுதினார்.

அவ்வாண்டிலேயே அவருடைய இரு நூல்களை அரசு தடை செய்தது. ஒன்று 'கனவு' என்னும் தன்வரலாற்றுக் கவிதை. மற்றொன்று 'ஆறில் ஒரு பங்கு' என்னும் கதை. பின்னது தீண்டாமையின் கொடுமையை எடுத்துரைப்பது. தாழ்த்தப்பட்டோரை ஒதுக்குவது நாட்டுக்கே கேடு எனக் கூறும் நூலை, நாட்டின் அமைதி காப்பதாகக் கூறிய அரசு தடை செய்தது. தடையாணை எழுதுவோர் நூலின் உள்ளே நுழைந்து பார்ப்பதில்லை. நூலாசிரியரின் பெயரைக் கண்ட அளவிலேயே முடிவு செய்துவிடுகின்றனர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ!

வறுமையும் தனிமையும் சூழ்ந்த அப்புதுச்சேரி ஆண்டுகளில்தான் 'பாஞ்சாலி சபதம்', 'கண்ணன் பாட்டு', 'குயில் பாட்டு' ஆகியன பிறந்தன. அரசியல் எழுத்திற்கு வாயில் அடைபட்டபோது காவியத்தின் வாயில் திறந்தது. ஆயினும் அதனைக் காட்டித் தடையை நியாயப்படுத்துதல் தகாது. எழுதப்பட்டவற்றை நாம் எண்ணிப் பார்க்கலாம். எழுத முடியாமற் போனவற்றை எவர் எண்ணுவார்?

அரசின் தடையோடு சமூகத்தின் தடையையும் அவர் கண்டார். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த கனகலிங்கம் என்னும் இளைஞருக்குப் புதுச்சேரியில் பூணூல் அணிவித்தார். தம் சமயத்தின் பெயரால் நடந்த ஒதுக்குதலைத் தம் வீட்டிலேயே மறுத்துக் காட்டினார். அதனால் தம் குலத்தாரின் வெறுப்புக்கும் ஆளானார்.

ஒரே சட்டம், பல குரல்கள்

ஈண்டு ஒரு செய்தியை மாணவர் உளங்கொள்ளல் வேண்டும். 1910இல் ஆங்கில அரசு அச்சகச் சட்டம் ஒன்றை இயற்றியது. அதன்படி அச்சகத்தாரும் இதழாளரும் அரசிடம் பிணைத்தொகை கட்டவேண்டும். அரசுக்கு ஒவ்வாததை வெளியிட்டால் அத்தொகை பறிமுதலாகும். தமிழகத்தில் தேசிய இதழ்களை வாட்டிய இச்சட்டமே, கல்கத்தாவில் மௌலானா அபுல் கலாம் ஆசாத் நடத்திய 'அல்ஹிலால்' இதழின் பிணைத்தொகையை 1914இல் பறித்து அதனை நிறுத்தியது. மௌலானா முகமது அலி நடத்திய 'காம்ரேட்' இதழும் அதே ஆண்டில் அதே கதியை அடைந்தது. வேதம் ஓதிய வீட்டில் பிறந்தவரையும் திருமறை ஓதிய வீட்டில் பிறந்தவரையும் ஒரே கத்தரிக்கோல் வெட்டியது. வாயடைக்கும் சட்டம் ஒருவரோடு நிற்பதில்லை. இன்று பிறர் வாயை அடைக்கும் சட்டத்தைக் கண்டு நாம் மகிழ்ந்தால், நாளை அது நம் வாயை அடைக்க வரும்போது நமக்காகப் பேச எவரும் இரார்.

கைதும் கடையம் வாழ்வும்

முதல் உலகப்போர் முடிவுற்றதும் பாரதியார் புதுச்சேரியை விட்டுப் புறப்பட்டார். 1918 நவம்பர் 20 அன்று கடலூர் அருகே கைது செய்யப்பட்டார். ஏறத்தாழ மூன்று வாரங்களுக்கு மேல் கடலூர்ச் சிறையில் இருந்தார். அன்னி பெசன்ட் அம்மையார், சி.பி. இராமசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் டிசம்பர் 14 அன்று விடுதலையானார். ஆனால் அவ்விடுதலை நிபந்தனையோடு வந்தது. குறிப்பிட்ட பகுதியில் வாழவேண்டும், அரசியலில் ஈடுபடலாகாது, எழுதியவற்றை வெளியிடுமுன் காவல்துறையின் உளவுப்பிரிவுக்குக் காட்டி ஒப்புதல் பெறவேண்டும். ஒரு மகாகவியின் ஏட்டைக் காவல் அதிகாரி திருத்தும் நிலை அது.

செல்லம்மாளின் ஊராகிய கடையத்தில் குடியேறினார். சாதி பாராது பழகியமையால் அங்கும் உறவினர் சிலரும் ஊரார் சிலரும் அவரை ஒதுக்கினர். அந்நாளில் கடையத்திற்கு அருகிலுள்ள பொட்டல்புதூர் முஸ்லிம்கள் அவரை அன்புடன் அழைத்தனர். முகியித்தீன் ஆண்டவர் பெயரால் அமைந்த தர்கா உள்ள ஊர் அது. இந்துக்களும் முஸ்லிம்களும் ஒருங்கே கூடும் இடம். அங்கே இஸ்லாத்தின் மாண்பு குறித்தும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் உறுதிமிக்க வாழ்வு குறித்தும் பாரதியார் உரையாற்றினார். அல்லாஹ்வின் புகழைக் கூறும் பாடல் ஒன்றையும் அவர் இயற்றியுள்ளார். ஊர் ஒதுக்கிய கவிஞரை மேடையேற்றிக் கேட்டவர் நம் முன்னோர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்க பெருமையாகும்.

ஒரு கதையும் ஒரு திருத்தமும்

இனி, வகுப்பறை வினாவிற்கு வருவோம். 1920இல் 'சுதேசமித்திர'னில் 'ரயில்வே ஸ்தானம்' வெளிவந்தது. புகைவண்டி நிலையத்தில் சந்தித்த முஸ்லிம் இளைஞனின் மணவாழ்க்கைத் துயரைக் கூறுவது அக்கதை. அவன் மணந்த மூவரும் உடன்பிறந்தோர் எனப் பாரதியார் எழுதிவிட்டார். ஒரே காலத்தில் சகோதரியர் இருவரை மனைவியராகக் கொள்ளலாகாது என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயத்தில் உள்ள தெளிவான கட்டளை. ஆகவே கதையில் இருந்தது பிழையே, ஐயமில்லை.

கதையைப் படித்த முஸ்லிம் நண்பர் ஒருவர் பாரதியாரிடம் இப்பிழையை எடுத்துரைத்தார். அவர் இதழை எரிக்கச் சொல்லவில்லை; கூட்டம் கூட்டவில்லை; அரசிடம் முறையிடவில்லை. மார்க்கத்தில் இவ்வாறு இல்லை என அறிவித்தார். பாரதியாரும், இது கற்பனைக் கதைதானே என வாதிடவில்லை. தம் புலமையைக் காட்டி நண்பரின் சொல்லைப் புறந்தள்ளவும் இல்லை. பிழையை ஒப்புக்கொண்டு, அம்மூவரையும் உடன்பிறந்தோராகக் கொள்ளாது வாசிக்குமாறு வாசகருக்குத் திருத்தம் எழுதி வெளியிட்டார். இன்றும் அவர்தம் கதைத் தொகுப்புகளில் அக்கதையின் இறுதியில் அத்திருத்தம் இடம்பெறுவதைக் காணலாம்.

எழுத்துரிமைக்காக இத்தனை ஆண்டுகள் துன்புற்ற ஒருவர், தம் எழுத்துப் பிறர் உள்ளத்தைப் புண்படுத்தக்கூடும் என்று அறிந்ததும் நடந்துகொண்ட முறை இதுவாகும். உரிமையை அவர் ஆணவமாக்கிக் கொள்ளவில்லை. குறை கண்ட நண்பரும் மனக்குறையைப் பகையாக்கிக் கொள்ளவில்லை. ஒருவர் எழுதினார், ஒருவர் மறுத்தார், எழுதியவர் திருத்தினார். இம்மூன்றும் நடைபெற வேண்டுமாயின் முதலில் கதை அச்சேற வேண்டும். அச்சேறுமுன்பே தடுக்கப்பட்டிருந்தால் பிழையும் வெளிவந்திராது, திருத்தமும் வந்திராது. மார்க்கத்தின் உண்மை நிலையை அறிய வாசகருக்கும் வாய்ப்பு இருந்திராது.

மறைவிற்குப் பின் வந்த தடை

1920இல் கட்டுப்பாடுகள் நீங்கின. பாரதியார் சென்னை திரும்பி மீண்டும் 'சுதேசமித்திர'னில் பணியேற்றார். திருவல்லிக்கேணிக் கோயில் யானையால் தள்ளப்பட்டுத் தப்பிய அவர், பின்னர் நோயுற்று 1921 செப்டம்பர் 11 நள்ளிரவு கடந்த பொழுதில் காலமானார். அப்போது அவருக்கு வயது 38. இறுதி ஊர்வலத்தில் சென்றோர் இருபது பேருக்கும் குறைவே என்பர்.

இறந்த பின்னும் அரசு அவரை விடவில்லை. 1928இல் பர்மா அரசு அவருடைய தேசிய கீத நூல்களைத் தடை செய்தது. சென்னை அரசு அதனைப் பின்பற்றியது. நூற்படிகள் ஆயிரக்கணக்கில் பறிமுதல் செய்யப்பட்டன. அவ்வாண்டு அக்டோபரில் சத்தியமூர்த்தி சென்னைச் சட்டமன்றத்தில் இதனைக் கண்டித்து ஒத்திவைப்புத் தீர்மானம் கொண்டுவந்தார். அது பெரும்பான்மை வாக்குகளால் நிறைவேறியது. 1949இல் சென்னை அரசு பாரதியார் படைப்புகளின் உரிமையைப் பெற்றது. 1955இல் அவை மக்களுக்கே உரிமையாக்கப்பட்டன. எந்த அரசின் இருக்கை அவர் நூலைப் பறித்ததோ, அதே இருக்கையில் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்ததும் அந்நூல் மக்கள் உடைமையாயிற்று.

அன்றும் இன்றும்

அடிமை ஆட்சி நீங்கியதும் இச்சிக்கல் முற்றும் நீங்கிவிடவில்லை. 1950இல் பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்னும் வார இதழ் தன் எல்லைக்குள் வருவதைச் சென்னை அரசு தடுத்தது. 'இந்தியா' இதழுக்கு நேர்ந்ததே அதற்கும் நேர்ந்தது. ஆனால் இம்முறை அரசியலமைப்புச் சட்டம் இருந்தது. ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் அத்தடை செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னர் 1951இல் முதல் திருத்தத்தின் வாயிலாக எழுத்துரிமைக்குரிய வரம்புகள் விரிவாக்கப்பட்டன. நம் அரசியலமைப்பின் 19ஆம் கூறு பேச்சுரிமையையும், 25ஆம் கூறு சமய உரிமையையும் வழங்குகின்றன. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று பகையல்ல. ஒருவர் தம் மார்க்கத்தை எடுத்துரைப்பதற்கும் பேச்சுரிமைதானே துணை நிற்கிறது!

இஃது நம் நாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. குடியாட்சியில் தேர்ந்ததாகக் கருதப்படும் ஆஸ்திரேலியாவிலும் இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், யெகோவாவின் சாட்சிகள் என்னும் சிறுபான்மைச் சமயக் குழுவினரின் அமைப்பை அரசு தடை செய்தது. போரில் சேர மறுத்த அவர்களின் கொள்கை நாட்டுக்குக் கேடு எனக் கூறப்பட்டது. 1943இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அத்தடை விதிகள் அரசின் அதிகார எல்லையை மீறியவை எனத் தீர்ப்பளித்தது. பெரும்பான்மையினருக்கு ஒவ்வாத கருத்தும் சமயமும் காக்கப்படும்போதுதான் உரிமை என்னும் சொல்லுக்குப் பொருளுண்டு என்பதை இது காட்டுகிறது. சிறுபான்மைச் சமுதாயத்தினராகிய நமக்கு இவ்வுண்மை ஏனையோரினும் நன்கு விளங்கும்.

வேண்டுமென்றே பகைமை வளர்க்கும் நோக்குடன் ஒரு சமயத்தை இழிவுபடுத்துவோரைத் தண்டிக்க 1927 முதல் நம் நாட்டில் சட்டம் உண்டு. அத்தகைய தீய நோக்கத்தை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அறியாமையால் நேர்ந்த பிழை வேறு. பகைமையால் செய்யும் இழிவு வேறு. இரண்டையும் வேறுபடுத்திக் காணும் பொறுமையே கற்றோர்க்கு அழகு. முன்னதற்கு மருந்து விளக்கம் கூறுவதேயாம்.

முடிவுரை

வகுப்பறையில் வினா எழுப்பிய மாணவரிடம் பின்னர் அக்கதையையும் அதன் இறுதியில் உள்ள திருத்தத்தையும் சேர்த்தே படிக்கச் செய்தோம். அதன் பின் அவரே முன்வந்து, அந்நிஸா அத்தியாயத்தின் கட்டளையை வகுப்பிற்கு விளக்கினார். பிற சமய மாணவர்கள் அதனை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டனர். கதையை விலக்கியிருந்தால் அவ்விளக்கத்திற்கு இடமே இருந்திராது.

நம் ஊர்ப் பட்டுத்தறியில் இழை அறுந்தால் நெசவாளர் தறியைப் பிரித்தெறிவதில்லை. அறுந்த இழையைத் தேடிப் பிணைத்து மீண்டும் நெய்கிறார். பாரதியாரும் பெயரறியா அம்முஸ்லிம் நண்பரும் 1920இல் செய்தது அதுவே. அரசின் தடையாணைகள் ஆவணக் காப்பகத்தில் உறங்குகின்றன. அச்சிறு திருத்தமோ கதையோடு இன்றும் வாழ்கிறது. பிழை கண்டால் எடுத்துரைக்கும் துணிவையும், பிழை செய்தால் ஒப்புக்கொள்ளும் பணிவையும் நம் மாணவச் செல்வங்கள் ஒருங்கே பெற வல்ல இறைவன் அருள்வானாக.